போர்நிறுத்தத்தைக் காப்பது யார்: கண்காணிப்பாளரா, இடையில் நிற்கும் படையா, அமலாக்கும் படையா?

இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் 2002 பெப்ரவரி 22இல் செய்துகொண்ட போர்நிறுத்த உடன்படிக்கை அவசரத்தில் எழுதிய தாள் அல்ல. முன்னரங்க நிலைகளுக்கு இடையே குறைந்தது 600 மீற்றர் இடைவெளி. வழிபாட்டுத் தலங்களை விட்டுப் படையினர் வெளியேற 30 நாள். பாடசாலைக் கட்டடங்களைத் திருப்பிக் கொடுக்க 160 நாள். அரசியல் வேலைக்காக ஆயுதமின்றி அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வரும் புலி உறுப்பினர்கள் முதல் 30 நாளில் 50 பேர். இப்படி நாளும் அளவும் போட்டுத்தான் எழுதியிருந்தார்கள். மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு மட்டும் ஒரு வரியும் இருக்கவில்லை. 2006 நடுப்பகுதியில் போர் திரும்பிவிட்டது. தாள் 2008 ஜனவரி 16 வரை பெயருக்கு இருந்தது.

மூன்றரை ஆண்டு கழித்து, 2005 ஓகஸ்ட் 15இல், இந்தோனேசிய அரசும், சுமாத்திராத் தீவின் வடமுனையிலுள்ள ஆச்சே மாகாணத்துக்குத் தனிநாடு கேட்டுப் போராடிய சுதந்திர ஆச்சே இயக்கமும் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் கையெழுத்திட்டன. காவலுக்கு, இலங்கையைப் போலவே, அங்கேயும் ஆயுதமில்லாத வெளிநாட்டவர்கள்தான் வந்தார்கள். அங்கேயும் மாவட்ட அலுவலகங்கள், புகார்ப் பதிவுகள், கூட்டங்கள். பதினைந்து மாதத்தில் வேலை முடிந்து அவர்கள் ஊர் திரும்பினார்கள். ஆச்சேயில் அந்த அமைதி இன்றும் நிற்கிறது.

ஒரே கருவி இரண்டு இடங்களில் இவ்வளவு வேறுபட்ட பலனைத் தந்திருக்கும்போது, "கண்காணிப்பாளர் போதுமா, படை வேண்டுமா" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. எந்த ஏற்பாட்டைத் தெரிந்தெடுத்தாலும், அதோடு எதைச் சேர்த்துக் கட்டுகிறோம் என்பதில்தான் விளைவு இருக்கிறது. பேச்சு மேசையில் இருப்பவர்களுக்கு நடைமுறையில் நான்கு தெரிவுகள் உண்டு. வெளியார் யாருமில்லாமல் இரு தரப்பு அதிகாரிகளே தொலைபேசியில் பேசிக்கொள்வது. ஆயுதமற்ற கண்காணிப்பாளர்களை அழைப்பது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு நடுவில் ஒரு படையை நிறுத்துவது. இணங்காதவரை அடித்துப் பணியவைக்கும் அதிகாரத்தோடு ஒரு பெரும் படையை இறக்குவது. இவற்றில் கண்காணிப்பாளர் வழியே அதிகம் தெரிந்தெடுக்கப்படுகிறது, அதிகம் தவறாகவும் வடிவமைக்கப்படுகிறது. அதனால் அதில் தொடங்குவோம்.

இலங்கையில் 60 பேர்

இலங்கைக் கண்காணிப்புக் குழுவில் நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து என்ற ஐந்து நாட்டவர்கள் இருந்தார்கள். தலைமையகம் கொழும்பில். மாவட்ட அலுவலகங்கள் யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை என ஆறு. கிளிநொச்சியில் ஒரு தொடர்பு அலுவலகம். மாவட்டந்தோறும் ஐவர் கொண்ட உள்ளூர்க் குழு: அரசு நியமித்த இருவர், புலிகள் நியமித்த இருவர், கண்காணிப்புக் குழுவின் ஒருவர்.

மொத்த ஆள்பலம் உச்சத்தில் 60 அளவில். இந்த எண்ணைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் இரவும் பகலும் இருவர் நிற்க வேண்டுமென்றால், மூன்று முறைமாற்றத்துக்கு ஆறு பேர். விடுப்பு, நோய், பயணம் எல்லாம் சேர்த்தால் எட்டு முதல் பத்துப் பேர். தலைமையகத்துக்கும் தொடர்பு அலுவலகத்துக்கும் ஆள் போனபின் மாவட்டத்துக்கு மிஞ்சியது பத்துப் பேருக்கும் குறைவு. அதாவது ஒரு மாவட்டம் முழுவதிலும் ஒரேயொரு சோதனைச் சாவடியைக்கூட 24 மணி நேரமும் பார்த்திருக்கும் பலம் அந்தக் குழுவுக்கு இல்லை. நடந்ததைப் பிறகு போய் விசாரிக்கும் பலம் மட்டும் இருந்தது. உடன்படிக்கையை எழுதியவர்களுக்கு இது தெரிந்தே இருந்திருக்கும். வீதியில் காத்திருந்த மக்களோ அவர்களைக் காவலர்களாகவே நம்பினார்கள், அந்த நம்பிக்கைக்கு ஏற்ற எதுவும் குழுவின் கையில் கொடுக்கப்படவில்லை.

தரையில் 600 மீற்றர் என்று எழுதிய தாள், கடலில் எது யாருடையது என்று சொல்லாமல் விட்டது. அரசு தன் கடல் என்றது. புலிகளின் கடற்பிரிவான கடற்புலிகள் தங்களுக்கும் கடலில் வழி உண்டு என்றார்கள். 2003 பெப்ரவரியில் நெடுந்தீவுக்கு அப்பால் கடற்படை மறித்த ஒரு படகில் கண்காணிப்பாளர்கள் சோதனைக்கு ஏறினார்கள். உள்ளே விமான எதிர்ப்புத் துப்பாக்கி இருந்தது. படகிலிருந்த புலிகள் மூவரும் படகோடு தங்களை அழித்துக்கொண்டார்கள். கண்காணிப்பாளர்கள் கடலில் குதித்து உயிர் தப்பினார்கள். 2006 மே 11இல் 700க்கு மேற்பட்ட படையினரை ஏற்றிச் சென்ற ஒரு கப்பல் தாக்கப்பட்டபோதும் கண்காணிப்பாளர்கள் கடலில், கப்பல்களுக்குள் இருந்தார்கள். எல்லை வகுக்காத இடத்துக்குக் காவலர்களை அனுப்பினால் இதுதான் நடக்கும். அவர்கள் தீர்ப்புச் சொல்ல ஒரு கோடும் இருக்காது, அவர்கள் உடல் மட்டும் கேடயமாக நிற்கும்.

இரண்டாவது ஓட்டை, கையெழுத்திடாத ஆயுதக் குழுக்கள். தமிழ்த் துணை ஆயுதக் குழுக்களின் ஆயுதங்களை 30 நாளுக்குள் அரசு களைய வேண்டும் என்று 1.8ஆம் பிரிவு சொன்னது. 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்த பிறகு கிழக்கில் உருவான நிலைமைக்கு அந்தப் பிரிவு போதவில்லை. அதன்பின் நடந்தது நிழல் போர்: கிளைமோர்க் கண்ணிவெடி, மோட்டார்சைக்கிளில் வந்து சுடுவது, கடத்தல். 2005 ஓகஸ்டில் வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொழும்பில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நத்தாரன்று மட்டக்களப்புத் தேவாலயத்துக்குள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் கொல்லப்பட்டார். சீருடை இல்லாத கொலையை யார் செய்தது என்று தீர்மானிக்கத் தடயவியல் வேண்டும், சாட்சிப் பாதுகாப்பு வேண்டும், பொலிஸ் அதிகாரம் வேண்டும். கண்காணிப்பாளரிடம் குறிப்பேடும் வாகனமும் இருந்தன.

மூன்றாவது, தீர்ப்பின் பின் வெற்றிடம். 2007 ஏப்ரல் வரை குழு பதிவுசெய்த மீறல்கள் புலிகள் மீது 3,800க்கு மேல், அரசு மீது 350 அளவில். புலிகள் மீதான பதிவுகளில் மிகப் பெரிய வகை சிறுவர் ஆட்சேர்ப்பு. இந்த எண்களை ஒவ்வொரு தரப்பும் தன் பிரசாரத்துக்கு எடுத்துக்கொண்டது. யாருடைய நடத்தையும் மாறவில்லை. 2006 ஓகஸ்டில் மூதூரில் 17 உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்ட இடத்துக்குப் போக அப்போது குழுவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்த மாத முடிவில் குழு, பாதுகாப்புப் படையினரே பொறுப்பு என்று தீர்ப்பு வெளியிட்டது. அரசு மறுத்தது. அத்தோடு முடிந்தது.

ஆட்களை அனுப்பிய நாடுகளே ஒரு பலவீனமாயின. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்தது. ஒன்றியத்தின் உறுப்பு நாட்டவர்கள் செப்டெம்பர் 1க்குள் வெளியேற வேண்டும் என்று புலிகள் கேட்டார்கள். சுவீடன், பின்லாந்து, டென்மார்க் கண்காணிப்பாளர்கள் போனார்கள். குழு பாதிக்கும் கீழே சுருங்கியது. கண்காணிப்பு நாடுகளைத் தெரியும்போது அவை இன்று நடுநிலையா என்று பார்ப்பது போதாது. நாளை வேறொரு தலைநகரில் எடுக்கப்படும் முடிவு அந்த நடுநிலையைக் குலைக்குமா என்றும் பார்க்க வேண்டும்.

ஆச்சேயில் என்ன வேறு

ஆச்சேயிலும் முதல் முயற்சி தோற்றதுதான். 2002 டிசம்பரில் ஒரு போர்நிறுத்தம், கூட்டுப் பாதுகாப்புக் குழு ஒன்று, பிறகு 2003 மே மாதத்தில் இராணுவச் சட்டம். அந்தத் தோல்வியைப் படித்தவர்கள்தான் 2005இன் வரைவை எழுதினார்கள்.

அதில் இரண்டு பட்டியல்கள் ஒன்றோடொன்று கட்டப்பட்டன. ஆச்சே இயக்கம் 840 ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். இந்தோனேசியா வெளியிலிருந்து கொண்டுவந்த படையையும் பொலிஸையும் விலக்கிக்கொண்டு, 14,700 படையினரும் 9,100 பொலிஸாரும் மட்டும் அங்கே இருக்கும் நிலைக்கு வர வேண்டும். இரண்டும் நான்கு கட்டங்களாக, செப்டெம்பர் முதல் டிசம்பர் வரை, சமாந்தரமாக. ஒரு கட்டத்தில் ஆயுதம் வராவிட்டால் அடுத்த படையணி கப்பல் ஏறாது. படை போகாவிட்டால் அடுத்த ஆயுதம் வராது. மீறலுக்குத் தண்டனை என்று தனியாக எழுத வேண்டிய தேவையே எழவில்லை.

நெருங்கிப் பார்த்தால் அதன் நுணுக்கம் தெரியும். கொண்டுவரப்பட்ட துப்பாக்கிகள் ஆயிரத்துக்கு மேல். எது கணக்கில் சேரும் என்பதில் தகராறு: நாட்டுத் துப்பாக்கியா, தொழிற்சாலையில் செய்ததா, சுடுமா, சுடாதா. கண்காணிப்புக் குழு ஒவ்வொன்றையும் பரிசோதித்து, தகுதியில்லாதவற்றைக் கழித்து, 840 வரும்வரை எண்ணியது. ஏற்றுக்கொண்டதை இரம்பத்தால் அறுத்துத் துண்டாக்கினார்கள். பூட்டி வைத்த ஆயுதம் நாளை திரும்பி வரலாம். அறுத்த துப்பாக்கி வராது. டிசம்பர் 27இல் இயக்கம் தன் ஆயுதப் பிரிவைக் கலைத்தது.

தகராறு தீர்க்கும் படிகளும் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன. முதலில் கண்காணிப்புக் குழுத் தலைவர் இரு தரப்போடும் பேசுவார். தீராவிட்டால் இரு தரப்பின் மூத்த பிரதிநிதிகளோடு அமர்ந்து அவர் சொல்லும் தீர்ப்பு இருவரையும் கட்டுப்படுத்தும். அதற்கும் இணங்காவிட்டால் விடயம் ஜகார்த்தாவின் ஒருங்கிணைப்பு அமைச்சரிடமும் இயக்கத்தின் அரசியல் தலைமையிடமும் பேச்சை நடத்திய நடுவர் அமைப்பின் தலைவரிடமும் போகும். இரு தரப்பும் வழக்கமாகக் கூடும் பாதுகாப்புக் குழு மத்தியிலும் மாவட்டங்களிலும் இருந்தது. அதிகமான விடயங்கள் அங்கேயே தீர்ந்தன.

ஆள்பலத்தையும் பாருங்கள். ஆச்சேயில் 11 மாவட்ட அலுவலகங்களுக்கு 230 பேர் அளவில். இலங்கையின் நான்கு மடங்கு. ஐரோப்பிய ஒன்றியம், நோர்வே, சுவிற்சர்லாந்து ஆகியவற்றோடு தாய்லாந்து, மலேசியா, புரூணை, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர் ஆகிய ஐந்து அயல்நாட்டவரும் இருந்தார்கள். ஜகார்த்தாவால் இவர்களை அந்நியர் என்று ஒதுக்க முடியவில்லை. முறையான பணி செப்டெம்பர் 15இல் தொடங்கினாலும், கையெழுத்தான நாளிலிருந்தே 80 பேர் அளவில் ஒரு முன்னோடிக் குழு களத்தில் இருந்தது. முதல் மாதம் காவலின்றி விடப்படவில்லை. முதல் மாதத்திலேயே பல போர்நிறுத்தங்கள் செத்துவிடுகின்றன.

இரண்டு இடங்களையும் ஒரே ஆழிப்பேரலை 2004 டிசம்பர் 26இல் தாக்கியது. ஆச்சேயில் அது மேசைக்கு வர வைத்தது. இலங்கையில் நிவாரணப் பகிர்வுக்கான பொதுக்கட்டமைப்பு 2005 ஜூனில் கையெழுத்தாகி, அடுத்த மாதமே உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையில் நின்றது. பேரழிவு தானாகச் சமாதானம் கொண்டுவராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆச்சே இயக்கம் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டிருந்தது, ஜகார்த்தா உள்ளூர்க் கட்சிகளுக்கு இடம் கொடுத்திருந்தது. அரசியல் முடிவு முதலில் வந்ததால் கண்காணிப்புக்கு ஒரு கடைசி நாள் இருந்தது. இலங்கையில் அரசியல் முடிவு பின்னால் வரும் என்று விடப்பட்டது, வரவேயில்லை.

கருவிகள் கூடினால் போதுமா: உக்ரேன்

ஆள் போதவில்லை என்றால் ஆளையும் கமராவையும் கூட்டலாமே என்று தோன்றும். உக்ரேனிய அரசும் ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகளும் மோதிய கிழக்கு உக்ரேனில் ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு அதைச் செய்தது: 700க்கு மேற்பட்ட கண்காணிப்பாளர்கள், ஆளில்லா விமானங்கள், இரவிலும் பதிவுசெய்யும் கமராக்கள். அங்கே 2015 பெப்ரவரி 12இல் செய்த மின்ஸ்க் போர்நிறுத்த உடன்பாடு மிகத் துல்லியமானது. 100 மி.மீ. மற்றும் அதற்கு மேற்பட்ட பீரங்கிகளுக்கு 50 கி.மீ., பல்குழல் எறிகணைகளுக்கு 70 கி.மீ., நீள்தூர வகைகளுக்கு 140 கி.மீ. அகலத்தில் வலயம்.

ஆண்டுக்கு இலட்சக்கணக்கில் மீறல்கள் பதிவாயின. கண்காணிப்பாளர்களின் ரோந்து பெரும்பாலும் பகலில். சூடு பெரும்பாலும் இரவில். களஞ்சியத்தில் இருக்க வேண்டிய பீரங்கிகளை எண்ணப் போனால் இடம் காலியாக இருக்கும். அறிக்கைகள் வெடிச்சத்தத்தின் திசையையும் தூரத்தையும் சொல்லும், யார் பொறுப்பு என்று பெயர் சொல்லாது. 2016 செப்டெம்பரில் மூன்று இடங்களில் இரண்டு கி.மீ. சதுர அளவில் படைகளை விலக்க ஒப்புக்கொண்டார்கள். அதில் ஸ்ரானிற்சியா லுஹான்ஸ்காவுக்கு வைத்த நிபந்தனை, ஏழு நாள் தொடர்ந்து அமைதி இருந்த பின்பே விலகல் என்பது. ஒரே ஒரு வேட்டு எண்ணிக்கையை மறுபடி முதல் நாளுக்குக் கொண்டுபோய்விடும். விலகல் நடக்க 2019 ஜூன் வரை ஆயிற்று. முழு அமைதியை முன்நிபந்தனையாக வைக்கும் எவரும் சமாதானத்தை விரும்பாத கடைசிச் சிப்பாயின் கையில் முடிவைக் கொடுக்கிறார்கள். விலகலைத் திகதியோடு கட்ட வேண்டும். மீறலைத் தனியே விசாரிக்க வேண்டும்.

நடுவில் நிற்கும் படை

இரண்டு ஒழுங்கான இராணுவங்கள், தெளிவான ஒரு கோடு, இரு தலைநகரங்களுக்கும் இப்போதைக்குப் போர் வேண்டாம். இந்த மூன்றும் இருந்தால் இந்த வழி மலிவானது, நீடிப்பது.

கொலான் குன்றுகளில் 1974 மே 31இல் இஸ்ரேலும் சிரியாவும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு இதற்கு நல்ல மாதிரி. நடுவே 75 கி.மீ.க்கு மேல் நீளமான பிரிப்பு வலயம். மையத்தில் 10 கி.மீ. அகலம், தெற்கு முனையில் 200 மீற்றர் மட்டும். அதற்கு வெளியே இருபுறமும் முதல் 10 கி.மீ.க்குள் 6,000 படையினர், 75 டாங்கிகள், 36 குறுந்தூரப் பீரங்கிகளுக்கு மேல் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐ.நா. போய் எண்ணும். கவனிக்க வேண்டியது இந்த எண்ணும் வேலைதான். நடுவில் நிற்கும் ஆயிரம் சிப்பாய்களால் ஒரு கவசப் படையணியைத் தடுக்க முடியாது. பின்னால் டாங்கிகள் சேர்கின்றனவா என்று இரு தலைநகரங்களுக்கும் முன்கூட்டித் தெரிவதால்தான் திடீர்த் தாக்குதலின் பயம் குறைகிறது.

நாற்பது ஆண்டு அளவில் அது நின்றது. சிரிய உள்நாட்டுப் போரில் கையெழுத்திடாத குழுக்கள் வலயத்துக்குள் வந்ததும் ஆடியது. 2014 ஓகஸ்டில் 45 பீஜியச் சிப்பாய்கள் பிடித்துச் செல்லப்பட்டு, பிறகு விடுவிக்கப்பட்டார்கள். 2024 டிசம்பரில் டமாஸ்கஸ் அரசு விழுந்தபோது இஸ்ரேலியப் படை வலயத்துக்குள் நுழைந்தது. கையெழுத்திட்ட ஒரு தரப்பு இல்லாமல் போனால் நடுவில் நிற்பவருக்கு நிற்க இடமில்லை.

சைப்பிரஸில் கிரேக்க, துருக்கியத் தரப்புகளுக்கு நடுவே 1974 முதல் ஐ.நா. படை காக்கும் 180 கி.மீ. நீள வலயம் இருக்கிறது, நிக்கோசியா நகருக்குள் சில மீற்றர் அகலமே. அங்கு அன்றாட வேலை பெரிய போரைத் தடுப்பதல்ல: யாரோ மணல்மூட்டையை ஒரு வரி உயர்த்தினார்கள், யாரோ காவற்கூண்டுக்கு ஓடு போட்டார்கள், விவசாயி உழ அனுமதி கேட்கிறார். இந்தச் சில்லறை விடயங்களைப் படமெடுத்து, அன்றே போய், பழையபடி ஆக்கச் சொல்வதுதான் வேலை. இதன் விலையும் தெரிந்திருக்க வேண்டும். சூடு நின்றதால் தீர்வுக்கு அவசரமும் நின்றது. வருடச் செலவில் மூன்றில் ஒரு பங்கை சைப்பிரஸே தருகிறது, கிரேக்கம் 65 இலட்சம் டொலர் தருகிறது, ஐம்பது ஆண்டு தாண்டியும்.

அடித்துப் பணியவைக்கும் படை

பொஸ்னியாவில் இரண்டு வழியும் பரிசோதிக்கப்பட்டன, முதலாவதன் விலையை மக்கள் உயிரால் கொடுத்தார்கள். "பாதுகாப்பான பகுதிகள்" என்று அறிவித்தபோது அவற்றைக் காக்க 34,000 படையினர் தேவை என்று ஐ.நா. தளபதிகள் கணக்குக் கொடுத்தார்கள். பாதுகாப்புச் சபை 7,600 பேர் கொண்ட "இலகு" ஏற்பாட்டைத் தெரிந்தது. 1995 ஜூலையில் அவற்றில் ஒன்றான சிறெப்ரெனிகாவில் சில நூறு டச்சுச் சிப்பாய்கள் இருந்தார்கள்; 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். காப்போம் என்று சொல்லிவிட்டுக் காக்கும் பலத்தைக் கொடுக்காமல் இருப்பது, ஒன்றும் சொல்லாமல் இருப்பதைவிடக் கொடியது. அந்த வாக்கை நம்பித்தான் சனங்கள் அங்கே தங்கினார்கள்.

பொஸ்னியப் போரை முடித்த டேற்றன் உடன்பாட்டுக்குப் பின் 1995 டிசம்பர் 20இல் பொறுப்பேற்ற நேட்டோ தலைமையிலான படை 60,000. போர்நிறுத்தக் கோட்டின் இருபுறமும் இரண்டு கி.மீ. வலயம், 30 நாளில் அதைக் காலிசெய்ய வேண்டும், கைமாறும் நிலப்பகுதிகளைவிட்டு 45 நாளில் விலக வேண்டும், 120 நாளில் கனரக ஆயுதங்கள் குறிக்கப்பட்ட களஞ்சியங்களுக்குப் போக வேண்டும். அறிவிக்காத ஆயுதம் கண்டால் பறிமுதல். அனுமதியற்ற சோதனைச் சாவடியைப் பிரிக்கப் படைக்கு எவரிடமும் கேட்கத் தேவையில்லை. தொடக்கத்திலேயே பெரும் பலத்தோடு வந்ததால் பலத்தைப் பயன்படுத்தும் தேவை குறைந்தது. ஓராண்டில் அது 32,000 ஆனது, 2004 முடிவில் 7,000 அளவு. சிறிதாகத் தொடங்கி மெல்லக் கூட்டுவதைவிட, பெரிதாகத் தொடங்கி மெல்லக் குறைப்பதே சரி.

இந்த வழியை அயல்நாடு ஒன்று தனியே எடுத்தால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரிந்த வரலாறு. 1987 ஜூலை 29இன் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள். சண்டையிட்ட இயக்கங்கள் அல்ல. ஆயுத ஒப்படைப்புக்குக் கொடுத்த காலம் 72 மணி நேரம். ஆச்சேயில் 840 துப்பாக்கிக்கு மூன்று மாதத்துக்கு மேல் எடுத்த வேலை அது. ஒக்டோபர் தொடக்கத்தில் இலங்கைக் கடற்படை கடலில் பிடித்த 17 புலி உறுப்பினர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோகலாமா என்ற கேள்விக்கு எந்தப் பிரிவும் தெளிவான பதில் சொல்லவில்லை. பலாலியில் சயனைட் அருந்தி 12 பேர் இறந்தார்கள். ஒக்டோபர் 10இல் அமைதி காக்க வந்த இந்தியப் படையே புலிகளோடு போரிடத் தொடங்கியது. 1990 மார்ச்சில் அது வெளியேறியபோது இந்தியா இழந்தது 1,200 அளவில் படையினரை. வடக்கு கிழக்கின் தமிழ்ச் சனங்கள் இழந்த உயிர்கள் ஏராளம். பிடிபட்டவரை யார் வைத்திருப்பது என்ற ஒரு பத்தி எந்த ஒப்பந்தத்திலும் இருந்தே ஆக வேண்டும்.

தொலைபேசி மட்டும்

காஷ்மீரின் கட்டுப்பாட்டுக் கோட்டில் 1949 முதல் ஐ.நா. பார்வையாளர்கள் சிலர் இருக்கிறார்கள். 1972இன் சிம்லா உடன்பாட்டுக்குப் பின் அவர்களுக்கு வேலையில்லை என்பது இந்தியாவின் நிலைப்பாடு. உண்மையில் கோட்டை அமைதியாக்கியதும் குழப்பியதும் இரு தலைநகரங்களே. 2003 நவம்பரில் வந்த போர்நிறுத்தம் சில ஆண்டுகளில் தேய்ந்தது. 2021 பெப்ரவரி 25இல் இந்திய, பாகிஸ்தான் இராணுவ நடவடிக்கைப் பணிப்பாளர்கள் இருவரும் ஒரு கூட்டறிக்கை விட்டதும் கோட்டில் சூடு சட்டென்று அடங்கியது. 2025 மே 10இலும் சண்டையை நிறுத்த ஒப்புக்கொண்டது அதே இரு பதவிகளில் இருந்த அதிகாரிகளின் தொலைபேசி உரையாடலில்தான். மேலே உத்தரவிட்டால் கீழே கேட்கும் இராணுவங்களுக்கு இது போதும், செலவும் இல்லை. ஆனால் மீறலை யார் தொடங்கியது என்று சொல்ல வெளியார் எவரும் இல்லை. உள்நாட்டுப் போரில், ஒரு தரப்பு மறு தரப்பைச் சமமாக ஏற்காத இடத்தில், இந்த வழியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

எதைத் தெரிவது

உள்நாட்டுப் போர், கட்டுப்பாடான இரண்டு தரப்பு, அரசியல் தீர்வின் உருவம் ஏற்கெனவே மேசையில் உண்டு: ஆச்சே வகைக் கண்காணிப்பு. அரசியல் தீர்வு இன்னும் இல்லை என்றால் கண்காணிப்பாளரை மட்டும் அனுப்பி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. அவர்கள் இலங்கையில் போல எண்ணிக்கை எழுதுபவர்களாகத் தேய்வார்கள். இரு நாட்டு இராணுவங்கள் என்றால் நடுவே படை, அதோடு இருபுறமும் ஆயுத வரம்பு. தளபதிகள் பலராகப் பிரிந்து, பொதுமக்கள் படுகொலை ஆபத்தில் இருக்கிறார்கள் என்றால் பொஸ்னிய அளவு படை. அதைத் தர ஆளில்லையென்றால் பாதுகாப்பு வாக்குறுதி கொடுக்கவே கூடாது. மக்கள் வெளியேறப் பாதை திறப்பதே நேர்மை.

ஆயுதத்தைக் கைவிட எவரும் இணங்காத கட்டத்துக்கு நேபாளம் ஒரு நடுவழி காட்டியது. 2007இல் மாவோயிஸ்ட் போராளிகள் ஏழு பிரதான முகாம்களிலும் அவற்றைச் சார்ந்த 21 துணை முகாம்களிலும் தங்கினார்கள். ஆயுதங்கள் ஐ.நா. பதிவுசெய்த கொள்கலன்களுக்குள். சாவி மாவோயிஸ்டுகளிடமே, கண்காணிப்பு ஐ.நா.விடம், திறந்தால் எச்சரிக்கை ஒலி. அதே எண்ணிக்கை ஆயுதத்தை நேபாள இராணுவமும் பூட்டியது. மானம் கெடாமல் ஆயுதத்தைக் கையிலிருந்து விலக்கும் இந்த வழி, சரணடைவு என்ற சொல்லைத் தாங்க முடியாத இயக்கங்களுக்குப் பொருந்தும்.

எந்த வழியானாலும் வரைவில் இருக்க வேண்டியவை சில உண்டு. புகார் வந்து 24 மணி நேரத்துக்குள் கண்காணிப்பாளருக்கு இடம் திறக்கப்பட வேண்டும், மறுத்தால் அந்த மறுப்பே மீறலாகப் பதிவாக வேண்டும். தரைக்குக் கோடு போட்டதுபோல் கடலுக்கும் வானத்துக்கும் போட வேண்டும். இன்று ஆளில்லா விமானத்தை விட்டுவிட்டு எழுதும் வரைவு, 2002இல் கடலை விட்டுவிட்டு எழுதியது போலத்தான். கொலை, கடத்தல், சிறுவர் ஆட்சேர்ப்பை வேலி தாண்டுவதோடு ஒரே எண்ணிக்கையில் சேர்க்காமல், தனி வகையாக, தனி விசாரணைக் குழுவோடு வைக்க வேண்டும். ஒவ்வொரு தரப்பின் அடுத்த பலனும் மறு தரப்பின் முடிந்த கடமையோடு கட்டப்பட வேண்டும்.

கடைசியாக, வெளியேறும் பிரிவு. பேச்சாளர்கள் களைத்துப்போன நள்ளிரவில் இதை எழுதுகிறார்கள், ஆனால் முழு ஏற்பாட்டின் ஆயுளும் இதில் இருக்கிறது. எகிப்தின் சினாயில் 1956க்குப் பின் நின்ற ஐ.நா. படையை 1967 மே மாதம் எகிப்து போகச் சொன்னது, போனது, ஜூனில் போர். அதனால் 1979இன் எகிப்து-இஸ்ரேல் ஒப்பந்தத்தில், ஐ.நா. படையை எந்த ஒரு தரப்பும் தனியே வெளியேற்ற முடியாது, பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் இணங்க வேண்டும் என்று எழுதினார்கள். ஐ.நா. படை கிடைக்காமல்போய் 1982 ஏப்ரலில் பன்னாட்டுப் படை அந்த இடத்தை எடுத்தபோதும், இரு தரப்பும் சேர்ந்து ஒப்புக்கொண்டால் மட்டுமே அகற்றலாம் என்ற கொள்கை தொடர்ந்தது. செலவை எகிப்தும் இஸ்ரேலும் அமெரிக்காவும் சமமாகப் பகிர்கின்றன. அந்தப் படை இன்றும் சினாயில் நிற்கிறது. இலங்கை உடன்படிக்கையின் 4.4ஆம் பிரிவு, விலக விரும்பும் தரப்பிடம் கேட்டது அனுசரணையாளரான நோர்வேக்கு 14 நாள் முன்னறிவித்தல் மட்டும். 2008 ஜனவரி 2இல் அரசு முடிவை அறிவித்தது, 16ஆம் திகதி கண்காணிப்புக் குழுவின் பணி முடிந்தது. அடுத்த வரைவை எழுதுபவர்கள் அந்த 14ஐ குறைந்தது 180 ஆக்க வேண்டும். அந்த 180 நாளும் கண்காணிப்பாளர்கள் முழு அதிகாரத்தோடு களத்தில் இருக்க வேண்டும் என்றும், மோதல் பகுதிகளிலிருந்து பொதுமக்கள் வெளியேறும் பாதைகள் அவர்கள் கண்முன் திறந்திருக்க வேண்டும் என்றும் அதே பத்தியில் சேர்க்க வேண்டும்.